சீதனக் கோப்பை

வாங்க தம்பி, இரிங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல இரிங்க. கடற்கரையில இருந்து நாகர்கோவிலுக்கு நேரே பஸ் கிடைச்சுதா? மாறி வந்தியளா? செரி செரி. எலிசா, ரெண்டு சாயா போடு.

பெல்லார்மினைப் பாத்துட்டா வாறிய? அப்படியா. எப்படி இருக்கான்? மெலிஞ்சுட்டானா? அவன் எப்பவும் மெலிசுதான். என்ன சொன்னான்? ஒண்ணும் சொல்லலியா? "எண்பத்தாறு ஃபைனலைப் பத்தி கிளீட்டஸ்கிட்ட கேளுங்க"ன்னானா? அவ்வளவுதானா? வேற ஒண்ணும்? யோசிச்சுச் சொல்லுங்க. இல்ல, சும்மாதான் கேக்கேன்.

அவன் அப்படித்தான். அவன் எனக்குச் செஞ்சது யாருக்கும் தெரியாது தம்பி. முப்பத்தெட்டு வருசமா நான் ஒருத்தன்தான் சுமக்கேன்.

நீங்க நம்ம கடற்கரைக் கால்பந்து வரலாறு எழுதுதிய. நல்ல காரியம். எழுபத்தொம்பதுல பந்து கடலுக்குள்ள போயி, அதை எடுக்கப் போன கட்டுமரத்துக்காரன் தூண்டில் போட உக்காந்துட்டான், ஆட்டம் அரைமணி நேரம் நின்னுதுன்னு சொல்லியிருப்பாவ. எண்பத்திரெண்டுல திருவனந்தபுரத்துப் பெரிய டீம் ஒண்ணு பூட்ஸெல்லாம் போட்டுக்கிட்டு வந்து, வெறுங்கால் பயலுவகிட்ட ரெண்டுக்கு ரெண்டுன்னு தப்பிச்சோம் பிழைச்சோம்னு போனதையும் சொல்லியிருப்பாவ. அதெல்லாம் எல்லாரும் சொல்லுவான். எண்பத்தாறை மட்டும் யாரும் ஒழுங்காச் சொல்லமாட்டான். சொல்லத் தெரியாது. உள்ள நின்னவனுக்குத்தான் தெரியும்.

நாங்க தேவதுறை. அவிய கல்லுமுனை. நடுவுல ஆறு கடல்ல சேருற ஒரு பொழிமுகம், அவ்வளவுதான். இந்தக் கரையில கோயில் மணி அடிச்சா அந்தக் கரையில கேக்கும். ஒரே வேதம், ஒரே தொழில், பொண்ணு எடுக்கிறதும் குடுக்கிறதும் அங்கயும் இங்கயுந்தான். ஆனா ஈஸ்டர் கோப்பைன்னு வந்தா மட்டும் சம்மந்தியாவது மச்சானாவது. எட்டு ஊரு ஆடும். அஞ்சு வருசமா ஃபைனலுக்கு நாங்க வந்ததே இல்ல. எண்பத்தாறுல வந்தோம். வந்ததுக்குக் காரணம் ரெண்டு பேரு. கோல் போஸ்ட்டுல பெல்லார்மின், அவனுக்கு முன்னால ஸ்டாப்பரா நான். நானாச் சொல்லல, அன்னைக்கு மைக்குல சொன்னாவ.

பெல்லார்மின் நல்ல கோலி தம்பி. அதை நான் மறைக்கமாட்டேன். மாவட்ட டீமுக்கு ஆடினவன். கோலின்னா சில பய கத்திக்கிட்டே இருப்பான், இவன் வாயே தொறக்கமாட்டான். பந்து வாறதுக்கு முன்னாலயே அங்க நிப்பான். அந்த வருசம் ஃபைனல் வரைக்கும் ஒரு கோல் விடல. வல்லாத்த பய.

அவனுக்கு அந்த ஈஸ்டர் நோம்புக்கு முன்னால கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்துது. பொண்ணு கல்லுமுனை. பேரு ஜெசிந்தா. கல்லுமுனை டீம்ல லெஃப்ட் விங்குல ஆடுவான் அலோசியஸ்னு ஒருத்தன், அவனுக்குத் தங்கச்சி. வைகாசியில கல்யாணம். ஆட்டத்துக்கு முன்னாலயே எங்க பயலுவ கேலிதான். "எலே, மச்சான் அடிச்சா பிடிப்பியா, விட்டுருவியா?"ம்பான். அவன் சிரிப்பான். அவ்வளவுதான். பதில் சொல்லணும்லா? "பிடிப்பம்ல"ன்னு ஒரு வார்த்தை? சொல்லமாட்டான்.

ஃபைனலுக்கு மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தாரு. ஒரு பெரிய ஆபீஸ் டீமோட கோச்சு. பேரை எழுதாதிய. ஆளு எடுக்க வந்தாரு. எடுத்தா வேலை. நிரந்தர வேலை. பெல்லார்மினைப் பாக்கத்தான் வந்தாரு, அதுலயும் ஒளிவு மறைவு இல்ல.

நாலரை மணிக்கு ஆட்டம். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். கோயில் மதில்ல, வள்ளத்து மேல, தென்னையில. மணல் ஆட்டம். மணல்ல பந்து நீங்க நினைக்கிற மாதிரி ஓடாது, கேட்டியளா, நின்னு நின்னு ஓடும். அவிய அடிச்சதை இவன் பிடிச்சான். நாங்க அடிச்சது வெளிய போச்சு. கோலே இல்லாம முடிய அஞ்சு நிமிசம் இருக்கு.

அப்பதான் அலோசியஸ் உள்ள வந்தான். நான் அவனை மறிச்சு நிக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் பின்னால பெல்லார்மின். அலோசியஸ் தூரத்துல இருந்தே அடிச்சான். ஒண்ணும் பெரிய அடி இல்ல. சின்னப் பிள்ளை பிடிச்சிரும். பெல்லார்மின் வலது பக்கமா விழுந்தான். பந்து இடது பக்கமாப் போச்சு. வேகமாக்கூட இல்ல தம்பி. மெதுவா, மணல்ல கோடு போட்டுக்கிட்டு, உள்ள போச்சு.

கல்லுமுனைக்காரனுக்கே நம்பிக்கை வரல.

ஒண்ணுக்குப் பூச்சியம். முடிஞ்சுது.

சாயா எடுத்துக்கிடுங்க. இனிப்பு போதுமா?

பொழுது சாயற நேரம் எல்லாரும் சாயாக்கடை முன்னால உக்காந்திருக்கோம். சாவு வீடு மாதிரி. அழுறான் ஒவ்வொருத்தனும். எங்க கேப்டன் தலையில துண்டு போட்டு உக்காந்திருக்கான். எனக்குப் பொறுக்கல. எனக்கு யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாப் பொறுக்காது, அது என் சுபாவம், வேணும்னா எலிசாகிட்ட கேளுங்க. நான் சும்மா ஒரு தமாசுக்குச் சொன்னேன். "எலே, எல்லாவனும் பொண்ணு வீட்டுல இருந்து சீதனம் வாங்குவான். நம்ம பெல்லார்மின்தாம்லே மாமனாருக்குச் சீதனம் குடுத்திருக்கான். ஒரு கோப்பை!"

சிரிச்சாவ. அழுதுகிட்டிருந்தவன் எல்லாம் சிரிச்சான். கேப்டன் தலையில கெடந்த துண்டை எடுத்துட்டுச் சிரிச்சான். எனக்கு அன்னைக்கு அது பெரிய ஆறுதலா இருந்துது, ஊரையே தேத்திட்டமேன்னு.

அவ்வளவுதான் நான் செஞ்சது. ஒரே ஒரு தமாசு. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் அவனைப் பத்திப் பேசல.

மறுநாள் காலையில கோயில் மதில்ல எவனோ கரியால எழுதிப் போட்டிருக்கான், 'சீதனக் கோப்பை'ன்னு. நான் எழுதல. எனக்கு அவ்வளவு நல்ல கையெழுத்தும் கிடையாது.

அன்னைக்கே அந்த மெட்ராஸ் கோச்சு என்னை ஃபாதர் பங்களாவுக்குக் கூப்பிட்டாரு. என் ஆட்டம் பிடிச்சிருக்குன்னாரு. பொறவு கேட்டாரு, "அந்த கோல்கீப்பர் எப்படிப்பா? மதில்ல என்னமோ எழுதியிருக்கே?" நான், "ஆட்டம் நல்லா இருக்கும் சார், ஆனா..."ன்னேன். அந்த நேரம் ஃபாதர் பழம் கொண்டுவந்து வச்சாரு. பேச்சு நின்னு போச்சு. நான் 'ஆனா'வுக்கு மேல ஒண்ணும் சொல்லல தம்பி. பொய் சொல்லல. கோச்சு மேல கேட்டிருந்தா நல்லதாத்தான் சொல்லியிருப்பேன். அவரு கேக்கல. எனக்கு மட்டும் கடிதம் வந்துது.

பெல்லார்மின் அவன் மாமா வள்ளத்துல தொழிலுக்குப் போய்க்கிட்டிருந்தான். வள்ளத்துல மத்த நாலு பேரும், இவன் வந்தா நாங்க ஏறமாட்டோம்னுட்டாவ. ஊரை வித்தவனோட கடலுக்குப் போனா மீனா வரும்னு. மாமாவே சொன்னாரு, "கொஞ்ச நாள் வீட்டுல இரி மக்கா, சூடு ஆறட்டும்." ஆறல. அந்த வருசம் பூரா யாரும் ஏத்தல. அவன் அம்மை மீன் சுமந்து வித்துத்தான் கஞ்சி.

கல்லுமுனையில அதுக்கு மேல. அவிய ஜெயிச்ச கோப்பையை எங்க ஊரு பயலுவ போற வாற இடமெல்லாம் 'சீதனம், சீதனம்'னு கூப்பிட்டா, அவனுக்கு மட்டும் ரோசம் இருக்காதா? அலோசியஸ் ஆயுசுல அடிச்ச ஒரே ஃபைனல் கோலு அது. அது தானமா வந்துதுன்னு சொன்னா? அவனே நேரா வந்தான் பெல்லார்மின் வீட்டுக்கு. வாசல்ல நின்னு எல்லாரும் கேக்கக் கேட்டான். "நீ விட்டியா, நான் அடிச்சனா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

பெல்லார்மின், "நான் விடல"ன்னான்.

"அப்பொ வலதுபக்கம் ஏன் விழுந்த?"

நானும் அங்கதான் நின்னேன் தம்பி, கூட்டத்தோட. அவன் என்னை ஒரு தடவை பாத்தான். பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"எங்க வீட்டுப் பொண்ணு வேண்டாம் உனக்கு"ன்னுட்டு அலோசியஸ் போயிட்டான். ஜெசிந்தாவைக் கொல்லம் பக்கம் எங்கயோ கெட்டிக் குடுத்தாவ. பெல்லார்மின் அதுக்குப் பொறவு கெட்டவே இல்ல. கோல் போஸ்ட்டுல நிக்கவும் இல்ல. எட்டு வருசம் கொச்சியில மீன்பிடி போட்டுல கூலிக்குப் போயிட்டு, பொறவு அம்மைக்கு முடியலன்னு ஊருக்கு வந்தான்.

நான் மெட்ராஸ் போனேன். எட்டு வருசம் ஆடினேன், முப்பத்திநாலு வருசம் வேலை பாத்தேன். இந்த வீடு அதுல வந்ததுதான்.

இப்ப நான் சொல்லப்போறதை எழுதாதிய. கேட்டுக்கிடுங்க, அவ்வளவுதான்.

அந்தப் பந்து என் கால்ல பட்டுது.

இடது கால் சுண்டுவிரல்ல. லேசா. அலோசியஸ் அடிச்ச பந்து வலது பக்கம்தான் போய்க்கிட்டிருந்துது, பெல்லார்மின் சரியாத்தான் விழுந்தான். என் விரல்ல பட்டு அது திரும்பிட்டு. நகம் பேந்து ரத்தம். கிளிஞ்சல் குத்திட்டுன்னு சொன்னேன். யாரு பாத்தா, ஆயிரம் பேரு கண்ணும் பந்து மேல. வேணும்னா செஞ்சேன்? மறிக்கப் போனவன் கால்ல படத்தான் செய்யும். அது குத்தமா? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்பிய. சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அந்தத் தமாசு வாயில வந்துட்டு. தமாசு சொன்ன பொறவு, பந்து என் கால்ல பட்டுதுன்னு எப்படிச் சொல்ல? நீங்களே சொல்லுங்க.

தொண்ணூத்தாறுல எங்க அப்பா செத்தாரு. நான் வந்தேன். பெட்டி தூக்க வந்தவன்ல பெல்லார்மினும் ஒருத்தன். நான் கூப்பிடல, அவனா வந்து தோள் குடுத்தான். கல்லறையில அடக்கம் முடிஞ்சு, கிணத்தடியில காலைக் கழுவிக்கிட்டு நிக்கோம். நாங்க ரெண்டு பேருந்தான். அப்பா போன துக்கம், மனசு ஒரு மாதிரி இளகி இருந்துது. சொல்லிட்டேன்.

"பெல்லார்மின், அன்னைக்கு அந்தப் பந்து என் கால்லதான்லே பட்டுது."

"தெரியும்"ன்னான்.

"என்னது?"

"உனக்குப் பின்னாலதானே நான் நின்னேன். பந்து திரும்பினதைப் பாத்தேன்."

பத்து வருசம். பத்து வருசமாத் தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான். "அப்பொ ஏம்லே சொல்லல?"ன்னு கேட்டேன்.

வாளித் தண்ணிய என் காலுல ஊத்திக்கிட்டே சொன்னான். "நான் சொன்னா, பழியை உன்மேல போடுதேன்னுதான் ஊரு சொல்லும். நீ சொல்லுவன்னு இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் சொல்லுவன்னு நினைச்சேன். பொறவு அலோசியஸ் வந்த அன்னைக்கு. பொறவு நீ மெட்ராஸ் போறப்ப பஸ் ஸ்டாப்புக்கு வந்தேம்லா, அப்பொ சொல்லிட்டு ஏறுவன்னு நினைச்சேன்."

வந்தான் தம்பி. பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். எனக்கு ஞாபகம் இருக்கு. நான் ஜன்னல் வழியாக் கையைக் குடுத்தேன். வாழ்த்த வந்திருக்கான்னு நினைச்சேன். பஸ் கிளம்பினதுக்குப் பொறவும் கையை விடல, ரெண்டு எட்டு கூடவே நடந்தான்.

இப்ப சொல்லுங்க, இது யார் செஞ்ச அநியாயம்? ஒரு வார்த்தை என்கிட்ட வந்து, "எலே, உன் கால்ல பட்டுது, சொல்லு"ன்னு கேட்டிருந்தா நான் சொல்லாமலா இருப்பேன்? வாயத் தொறந்து கேக்கணும்லா மனுசன்? கேக்காம, பத்து வருசம் என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா? கூட ஆடினவனுக்குச் செய்யற காரியமா இது? எனக்கு அன்னைக்கு வந்த கோபம் இன்னும் ஆறல. அதைத்தான் சொன்னேன், அவன் எனக்குச் செஞ்சது யாருக்கும் தெரியாதுன்னு.

எலிசா, நீ உள்ள போ. கேட்டது போதும். அவளுக்கு இந்தக் கதையே பிடிக்காது தம்பி.

அன்னைக்குக் கிணத்தடியில அவன்கிட்ட வாக்குக் குடுத்தேன். ஊருக்கு முன்னால சொல்லுதேன்னு. ஒரு நல்ல சமயம் பாத்து. சும்மா சாயாக்கடையில சொன்னா யாரு கேப்பா? லீவு கிடைக்கல, பிள்ளைய படிப்பு, அப்படி இப்படின்னு ஒரு பத்து வருசம் போயிட்டு. ரெண்டாயிரத்தி ஆறுல நம்ம கிளப்புக்கு வெள்ளி விழா. என்னைக் கூப்பிட்டாவ, பொன்னாடை போடுறதுக்கு. இதுதான் சமயம்னு நினைச்சேன். நானே பெல்லார்மினுக்கு போன் போட்டேன். "வா. அம்மையையும் கூட்டிட்டு வா. மேடையில சொல்லுதேன்."

வந்தான். தேச்ச வெள்ளைச் சட்டை. மூணாவது வரிசையில அம்மையைப் பக்கத்துல வச்சு உக்காந்திருந்தான். அம்மைக்கு அப்ப எண்பது இருக்கும், காதுக்குள்ள வாயை வச்சுச் சொன்னாத்தான் கேக்கும். வெள்ளைச் சேலை உடுத்து, தலைக்கு எண்ணெ வச்சு, கோயிலுக்கு வந்த மாதிரி கையக் கூப்பிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

பொன்னாடை போட்டாவ. மைக்கைக் கையில குடுத்தாவ. நான் ஆரம்பிச்சேன். ஆரம்பிக்கத்தான் செஞ்சேன் தம்பி, சத்தியமா. "எண்பத்தாறு ஃபைனல்ல நடந்த ஒரு காரியத்தை இன்னைக்கு நான் சொல்லணும்"னேன். அவ்வளவுதான், பின்னால இருந்து எவனோ ஒரு பய கத்தினான், "சீதனக் கோப்பை!" ஒரு பய கத்தினா போதுமே. மைதானம் பூரா சிரிப்பு. ஃபாதர் சிரிக்காரு. அன்னைக்குப் பிறக்காத பயலுவ எல்லாம் சிரிக்கான். "அந்தத் தமாசச் சொல்லுங்க அண்ணே!"ங்கான்.

நானும் சிரிச்சிட்டேன். மைக்குல சிரிச்சா பெருசாக் கேக்கும்.

சிரிச்ச பொறவு எப்படிச் சொல்ல? ஃபாதருக்கு நன்றி சொன்னேன், கமிட்டிக்கு நன்றி சொன்னேன், உக்காந்துட்டேன்.

பெல்லார்மின் எழும்பினான். அம்மையக் கைத்தாங்கலா எழுப்பி வரிசைக்கு வெளிய கூட்டிட்டு வந்தான். மேடையை ஒட்டித்தான் வழி. காது கேக்காதவங்க சத்தமாத்தானே பேசுவாவ, அம்மை சத்தமாக் கேட்டா, "மக்கா, எல்லாரும் சந்தோசமாச் சிரிச்சாவளே, அவன் சொல்லிட்டானா?"

பெல்லார்மின் அவ காதுல வாயை வச்சு, எனக்கும் கேக்கிற மாதிரி சொன்னான். "சொல்லிட்டான் அம்மா. வா, வீட்டுக்குப் போவோம்."

அம்மை திரும்பி என்னைப் பாத்துக் கும்பிட்டா.

ரெண்டு வருசம் கழிச்சு செத்தா. நான் அடக்கத்துக்குப் போனேன், போகாம இருப்பனா? போயி அவன்கிட்ட கேட்டேன், "அன்னைக்கு ஏம்லே அம்மைகிட்ட அப்படிச் சொன்ன?"

"அவளுக்கு அப்பவே எண்பது வயசு கிளீட்டஸ். இன்னும் எத்தனை நாள் காத்திருன்னு சொல்ல?" அப்படின்னான். பொறவு, "அன்னையில இருந்து ஜெபமாலை முடிஞ்சதும் உன் பேரைச் சொல்லி ஒரு அருள்நிறைந்த மரியே கூடுதலாச் சொல்லுவா. கடைசி வரைக்கும் சொன்னா"ன்னான். சொல்லிட்டு, பெட்டி மூடணும்னு கூப்பிட்டாவ, உள்ள போயிட்டான்.

ஒருத்தி எனக்காக ஜெபம் பண்ணிட்டுச் செத்திருக்கா. அது சின்னக் காரியமா? அவளைப் பொறுத்தவரைக்கும் நான் சொல்லிட்டேன். அப்பொ இனி யாருகிட்ட, எதுக்குச் சொல்லணும்? அலோசியஸ் போன வருசம் செத்துட்டான், அந்தக் கோலு தானமா வந்ததுன்னு நினைச்சுக்கிட்டே. எங்க கேப்டன் செத்துட்டான். அந்த மைதானத்துல பாதியைக் கடல் எடுத்துட்டு.

இல்ல தம்பி, வேண்டாம். எழுதாதியன்னு முதல்லயே சொன்னேம்லா? பேனாவை மூடுங்க. கல்லுமுனை ஒண்ணு, தேவதுறை பூச்சியம், கடைசி அஞ்சு நிமிசத்துல கோலியோட தவறால கோலுன்னு எழுதிக்கிடுங்க. ஊருல யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான், உங்களுக்கும் பிரச்சனை வராது.

பெல்லார்மினா? அவன் வாசிச்சா என்ன? அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்.